வாசற்படியில் ஒரு சோடி சப்பாத்து

என் கால்கள் பெரியவை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் சொல்வது சுலபம். திருகோணமலைக் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று வைத்திருந்த செருப்புகள் எல்லாம் பொம்மைக்கு அளவெடுத்துச் செய்தவை போல இருக்கும். நான் கடைக்குள் போய்க் காலை நீட்டினால் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். பிறகு ஆண்கள் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு ரப்பர்ச் செருப்பை எடுத்து வைத்துவிட்டு, "அண்ணாவுக்கு எண்டு சொல்லிக் கொண்டு போங்கோ பிள்ளை, ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்பார். எனக்கு அண்ணனே இல்லை. வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான்.

அம்மாவுக்கு இது பெரிய கவலை. "இவளின்ர காலைக் கண்டாலே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஓடிப்போவினம்" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லுவார். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் நிலம் அதிர நடப்பேன். அதற்கும் பெரிய கால் வசதிதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். பாலையூற்றில் வாடகை வீடு. அப்பா புல்மோட்டை மணல் தொழிற்சாலையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் பெண்கள் மட்டும்தான். அக்கா ஒரு பாடசாலையில் படிப்பித்தார். அவருடைய கால்கள் சின்னவை, அழகானவை. எந்தக் கடைக்குப் போனாலும் அவருக்குச் செருப்புக் கிடைக்கும்.

நானோ சேலையைக் கட்டி, அதற்குக் கீழே ஆண்களின் ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மழைக்காலத்தில் நடக்க நடக்கச் சேலையின் பின்பக்கம் முழுவதும் சேற்றுப் புள்ளி. பஸ்ஸுக்கு ஓடினால் வார் கழன்றுவிடும். வீதியோரத்தில் ஒற்றைக்காலில் நின்று வாரை மாட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பஸ்ஸில் இருப்பவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பெண்கள் மெதுவாக நடப்பது அடக்கத்தால் என்று எவரோ எழுதியிருந்ததை அந்த நாட்களில் வாசித்தேன். அடக்கமுமில்லை ஒன்றுமில்லை, செருப்புச் சரியில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வந்து சில நாள் நின்றால், கப்பல்காரருக்கும் துறைமுகத் தொழிலாளர் அணிக்கும் ஒரு பந்தாட்டம் நடக்காமல் போகாது. எங்கள் அணியின் தலைவர் எங்கள் கந்தோரிலேயே சரக்குக் கணக்குப் பார்த்தவர். கிண்ணியாவிலிருந்து தோணித்துறை கடந்து வருகிற மனிதர். பெண்களையெல்லாம் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை வந்த கப்பல்காரர் எல்லாரும் ஒரே மாதிரியான சப்பாத்துப் போட்டு இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் வழக்கம்போல வெறுங்காலோடு இறங்கி அவர்களை வென்றும் விட்டார்கள். கப்பல்காரருக்கு அது பெரிய அதிசயம். போகிறபோது ஒரு பை நிறையப் பழைய சப்பாத்துகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் அந்தப் பை கந்தோர் மேசையில் இருந்தது. ஆளுக்கொரு சோடி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சோடி மிஞ்சியது. வெறுங்காலோடு நடந்து அகன்றுபோன கால்கள் அவர்களுடையவை. அந்தச் சப்பாத்துக்குள் ஒருவருக்கும் விரல் நுழையவில்லை. ஒவ்வொருவராக முயன்று, முகத்தைச் சுளித்து, கழற்றி வைத்தார்கள். நான் தட்டெழுத்து இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழும்பிப் போய், ரப்பர்ச் செருப்பை உதறிவிட்டுக் காலை உள்ளே விட்டேன். கால் உள்ளே போய், குதியில் மெல்ல உட்கார்ந்தது. என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு காலணி எனக்கென்று செய்ததுபோல இருந்தது.

"அல்லாவே, தங்கச்சிக்குத்தான் எழுதியிருக்கு" என்றார் அணித்தலைவர்.

நீலநிறம். ஆட்டுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்ற தோல். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடுகள். அடிப்பக்கம் தேன்நிற ரப்பர், தட்டையானது, குதி உயர்த்தியில்லை. பந்து விளையாடுகிறவனின் காலுக்குத் தேவையானதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்த எளிமைதான் அதன் வடிவு. அன்று பின்னேரம் மாம்பழ நிறச் சேலைக்குக் கீழே அந்த நீலத்தைப் போட்டுக்கொண்டு உள்துறைமுக வீதியால் நடந்தேன். பஸ் வந்தது. ஓடினேன். வார் கழலவில்லை, கால் வழுக்கவில்லை. சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடியதைக் கண்டு கொண்டக்டர் வாயைத் திறந்தபடி நின்றான். நான் ஏறி இருந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அம்மா சிரிக்கவில்லை. "உது ஆம்பிளையளின்ர சப்பாத்து. சீலைக்கு உதைப் போட்டால் சனம் விசர் எண்டு சொல்லும்."

"சனத்துக்குக் கால் நோகேல்லை அம்மா, எனக்குத்தான் நோகுது."

அக்கா மட்டும் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, பின்னால் போய் முன்னால் வந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. கால் சின்னனாத் தெரியுது" என்றார். அது பச்சைப் பொய். ஆனாலும் அக்கா சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அம்மா ஒரு சமாதானத்துக்கு வந்தார். போடலாம், ஆனால் சனம் அதிகம் காணக்கூடாது. இதனால் எங்கள் வீட்டில் காலைநேரம் ஒரு புதிய கூத்து. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா குசினியிலிருந்து சத்தம் போடுவார்: "சனம் நடமாட முதல் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கெதியா ஓடு!" சனம் காணக்கூடாது என்பவர் சனத்துக்கே கேட்கும்படி கத்துவார். அம்மாவின் ரகசியங்கள் எல்லாமே இப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உள்ளே போகத் தேவையில்லை. வாசற்படியைப் பார்த்தால் போதும். எவரும் காலணியோடு வீட்டுக்குள் போவதில்லை. மருத்துவிச்சியின் செருப்பைக் கண்டால் பிரசவம், கொழும்புச் செருப்பைக் கண்டால் விருந்தாளி. வீதியால் போகிறவர்கள் தலையைத் திருப்பாமலே கண்ணால் ஒருமுறை படியைத் தடவிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் போவேன். இதெல்லாம் தெரிந்திருந்தும் என் சப்பாத்து எங்கள் படியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று நான் யோசிக்கவேயில்லை.

அந்த நாட்களில் அக்காவுக்கு முத்திரை வாங்கும் தேவை திடீரென்று கூடிவிட்டது. யாருக்கும் கடிதம் எழுதாத மனிதர், கிழமைக்கு ஒருதரம் தபாற்கந்தோருக்குப் போனார். முத்திரைக் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் உப்புவெளிக்காரர். மெலிந்த உயர்ந்த உருவம், அதிகம் கதைக்காதவர், பின்னேரங்களில் பந்து விளையாடுகிறவர். அவர் ஒரு கலியாணத் தரகர் மூலம் தன் தாயிடம் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாதகம் வந்தது, போனது, பொருந்தியது. அப்பா புல்மோட்டையிலிருந்து வந்து மாப்பிள்ளையை விசாரித்து, தலையாட்டிவிட்டுப் போனார். அக்காவுக்கு அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒவ்வொரு சாட்டில் தட்டிப்போயிருந்தன. இந்த முறை அக்கா குசினியில் பாட்டு முணுமுணுத்ததை நானே கேட்டேன். பெண்பார்க்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தரகர் வந்து, "சாதகம் சரிவரேல்லையாம்" என்றார்.

"போன கிழமை சரிவந்த சாதகம் இந்தக் கிழமை எப்பிடிச் சரிவராமல் போகும்? கிரகம் இடம் மாறி இருந்ததோ?" என்று கேட்டேன். அம்மா என்னைக் கிள்ளினார். தரகர் தேத்தண்ணியைக்கூட முழுக்கக் குடிக்காமல் எழும்பினார். போகிறபோது வாசலில் நின்று படியை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா தபாற்கந்தோர்ப் பக்கம் போகவில்லை, பாட்டும் இல்லை. பின்னேரத்தில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவதாக முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பார். கண்மடல் வீங்கியிருக்கும். எனக்கு அந்த உப்புவெளிக்காரர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருடைய கந்தோரில் இனி முத்திரையே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் அதுவரை வாங்கியதும் இல்லை.

உண்மையைச் சொன்னவர் எங்கள் அணித்தலைவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் என் மேசைக்கு வந்து நின்று, சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியாத முகத்தோடு கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, அந்த உப்புவெளித் தம்பி கொஞ்ச நாளா மைதானத்துல பந்தைப் பார்க்கிறதே இல்ல. எல்லாரிட காலையும்தான் பார்க்கிறார். நேத்துப் பிடிச்சுக் கேட்டன். 'உம்மாட்டச் சொல்லாதீங்க' எண்டு கெஞ்சிப்போட்டுச் சொன்னார். உங்கட வீட்டுக்கு நீலச் சப்பாத்துப் போட்ட பந்தாட்டக்காரன் ஒருத்தன் வந்து போறானாம். ஆர் அவன் எண்டுதான் தேடினாராம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த வாழைப்பழம் கீழே விழுந்துவிட்டது.

நடந்தது இதுதான். பெண்பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் ஒருதரம் வீட்டை நோட்டம் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தாய் ஒரு நாள் விடியவே பாலையூற்றுக்கு வந்து, எங்கள் வீதியால் நடந்திருக்கிறார். அப்பா புல்மோட்டையில் என்பது தரகர் சொல்லி அவருக்குத் தெரியும். வாசற்படியைப் பார்த்திருக்கிறார். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில், விடியற்காலையில், ஒரு சோடி உதைபந்தாட்டச் சப்பாத்து! போதாக்குறைக்கு உள்ளேயிருந்து என் அம்மாவின் குரல், சனம் நடமாட முதல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்லி. பாவம், அந்த மனுசி வேறென்ன நினைப்பார்? எவரிடமும் ஒன்றும் கேட்காமல் அப்படியே திரும்பிவிட்டார். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் என் காலின் நீள அகலம்வரை தெரிந்திருக்கும்.

"அது என்ர சப்பாத்து எண்டு நீங்கள் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"சொன்னன் தங்கச்சி! தலையில அடிச்சுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். இண்டைக்கு விடியத் திரும்பி வாறார், முகம் இருண்டு கிடக்கு. உம்மா நம்புறா இல்லையாம். 'பொம்பிளைப் பிள்ளை பந்தடிக்கிற சப்பாத்துப் போடுமோ? ஆருக்குக் காது குத்துறாய்?' எண்டு கேட்டவவாம்."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் சரிந்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கலியாணத்தை என் கால் உதைத்துத் தள்ளிவிட்டதே என்று எனக்குப் பட்டது. வாசலுக்குப் போய், படியில் கிடந்த சப்பாத்தைக் கையில் எடுத்து வந்தேன்.

"இதை நான் கடலுக்க எறியிறன் அக்கா. இனிப் போடமாட்டன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற குரலில் சொன்னார்: "விசர்க்கதை கதையாதை. இண்டைக்கு இது படியிலயிருந்து காணாமல் போனால், அப்ப ஆரோ ஒருத்தன் வந்து போனது உண்மை எண்டாகிடும். நீ இதைப் போடு. நாளைக்கும் போடு. நாலு சனம் காணத்தக்கதாப் போடு."

இதுதான் என் அக்கா. சின்னக் கால், ஆனால் ஊன்றினால் அசையாது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் பாலையூற்று பஸ்ஸை விட்டுவிட்டு உப்புவெளி பஸ்ஸில் ஏறினேன். பெண்வீட்டார் அழைப்பில்லாமல் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது எங்கள் ஊரில் நினைத்தும் பார்க்காத காரியம். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றே விடுவார் என்பதால் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இந்தக் கிறுக்குத்தனத்தால் மிச்சமிருந்ததும் கெட்டுப்போனால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கடற்கரைக்குக் கிட்ட, மணல் முற்றம் வைத்த வீடு. நரைத்த கொண்டையோடு ஓர் அம்மா தென்னைக்குக் கீழே குந்தியிருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். வெறுங்கால்.

"ஆரைத் தேடுறீர் பிள்ளை?"

"உங்களைத்தான் மாமி. நான் பாலையூற்றில இருந்து வாறன். எங்கட வாசல்ல நீங்கள் ஒரு சோடி சப்பாத்துக் கண்டனீங்களாம். அந்த ஆம்பிளை நான்தான்."

ஓலையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். ஊதாச் சேலைக் கரைக்குக் கீழே நீலச் சப்பாத்து இரண்டும் நல்ல பிள்ளைகளாகச் சேர்ந்து நின்றன.

"கழட்டும் பாப்பம்" என்றார்.

படியில் குந்திக் கழற்றினேன். வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்து, திருப்பித் தந்தார். "போடும்." போட்டேன். "அந்தத் தென்னைமட்டும் நடவும்." நடந்தேன். இரவல் சப்பாத்தென்றால் நடையில் தெரியும் என்று நினைத்தார் போல. "சரி, ஓடும்." எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பெண்ணின் தங்கச்சியைப் பார்க்கிற பார்வையா இது? ஆனாலும் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தென்னையைச் சுற்றி ஓடினேன். கோழிகள் சிதறி ஓடின. திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி நின்றேன். மாமி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

"பெண்வீட்டு ஆக்கள் இப்பிடிக் கேளாமல் வாறது முறையோ பிள்ளை?"

"முறையில்லைத்தான் மாமி. ஆனால் அக்கா அழுறா. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

மாமி தன் காலை நீட்டி என் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருடைய காலும் என் கால் அளவுதான். குதி வெடித்து, தோல் தடித்து, ஆனால் நீளமும் அகலமும் ஒன்றுதான்.

"என்ர கலியாணத்துக்கு வாங்கின செருப்பு பெருவிரலோட நிண்டிட்டுது. கடைக்காரன் சிரிச்சவன். அண்டைக்கு விட்டனான், இண்டைக்கும் வெறுங்கால்தான்" என்றார். பிறகு எழும்பி, "உள்ளுக்க வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். நீர் என்றிருந்தவர் நீ என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் முற்றத்தில் சைக்கிள் சத்தம் கேட்டது. சத்தம் வாசலில் வந்து சட்டென்று நின்றது. நெடுநேரம் ஆள் உள்ளே வரவில்லை.

"அம்மா, ஆர் வந்திருக்கிறது?" நடுங்கிய குரல்.

மாமி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உன்னோட பந்தடிக்கிற ஆரோ ஒருத்தன். நீ தேடித் திரிஞ்சியே, அவன்தான். உள்ளுக்க இருக்கிறான், வந்து பார்."

வந்து பார்த்தவரின் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவ்வளவு உயரமான மனிதர் ஒரு நொடியில் அவ்வளவு சிவந்துபோனதை நான் கண்டதேயில்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா சுகமோ?"

"முத்திரை முடிஞ்சுபோச்செண்டு கவலைப்படுறா" என்றேன்.

தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் நின்ற நேரம் மாமி வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்போடு முறையாக வந்தார். அம்மா அன்று காலையிலேயே என் சப்பாத்தை எடுத்துக் குசினி மூலையில் விறகுக்குப் பின்னால் ஒளித்திருந்தார். மாமி படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "எங்க, அந்த ஆம்பிளையைக் காணேல்லை?" என்றார். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தார். மாமி தானே கதையைச் சொல்லி, தானே முதலில் சிரித்து, சப்பாத்தைக் கொண்டுவந்து வாசலில் வைக்கச் செய்த பிறகுதான் உள்ளே வந்தார். அக்காவை அவர் பெண்பார்த்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அக்கா கொண்டுவந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவினார்.

கலியாணத்துக்குப் பிறகு அம்மா என் சப்பாத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் ஒரு பாடம் படித்திருந்தேன். சப்பாத்தின் வெள்ளைக் கயிற்றை உருவிவிட்டுத் தலைக்குக் கட்டுகிற ரிப்பனைக் கோத்தேன். சேலைக் கரை சிவப்பென்றால் சிவப்பு ரிப்பன், பச்சையென்றால் பச்சை. இனி எந்தக் கண்ணும் படியில் பார்த்து ஆம்பிளை என்று சொல்லாது. அது வடிவாகவும் இருந்தது. முதலில் சிரித்த கந்தோர்ப் பெண்கள் பிறகு கப்பல் வரும் நாட்களை என்னிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். அணித்தலைவர் சின்ன அளவுகளைப் புறம்பாக எடுத்து வைத்தார். அரசாங்கம் அந்த நாட்களில் இறக்குமதியைத் திறந்துவிட்டதால் கடைத்தெருவுக்கும் அந்த மாதிரிச் சப்பாத்துகள் வந்தன. தோணித்துறையின் ஈரப் பலகையில் வழுக்காது என்று கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் வாங்கினார்கள். நின்று படிப்பிக்கக் கால் நோகாது என்று அக்காவின் பாடசாலை ஆசிரியைகளும் வாங்கினார்கள். ஒரு பின்னேரம் பஸ்ஸுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேலையோடு ஒன்றாக ஓடினோம். கொண்டக்டர் இந்த முறை வாயைத் திறக்கவில்லை, மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தி வைத்தான்.

எண்பதுகள் தொடங்கியபோது அத்தானுக்கு மூதூருக்கு மாற்றம் வந்தது. அக்காவும் போனார். மாமி கிணற்றையும் தென்னைகளையும் விட்டுவர மாட்டேன் என்றுவிட்டார். நான் அவரைப் பார்க்க அடிக்கடி உப்புவெளிக்குப் போய்வந்தேன். அப்போது எனக்குப் புதிய சோடி ஒன்று இருந்தது, பச்சை. ஒருநாள் மாமி, கிடுகைப் பார்த்தபடியே, என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"பிள்ளை, அந்தப் பழைய நீலத்தை என்ன செய்தனீ?"

"வீட்டில கிடக்கு மாமி. ஏன்?"

"எனக்குத் தா. வாசல்ல வைக்கப் போறன். தனிய இருக்கிற மனுசி எண்டு தேங்காய் பிடுங்க வாறாங்கள். படியில அது கிடந்தால் உள்ளுக்க ஓர் ஆம்பிளை இருக்கிறான் எண்டு நினைப்பாங்கள்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ரிப்பனைக் கழட்டிப்போட்டு வெள்ளைக் கயிறு கோத்துத் தா."

நான் சிரித்த சிரிப்பில் மாமியும் சிரித்தார். அந்த ஒரு சோடியைக் கண்டு பயந்து சம்பந்தத்தையே விட்டவர், இப்போது அதையே காவலுக்குக் கேட்கிறார். அடுத்த கிழமையே தூசு தட்டி, வெள்ளைக் கயிறு கோத்துக் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். நுனிகள் வீதியைப் பார்க்கும்படி மாமி திருப்பி வைத்தார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது சப்பாத்து அதே இடத்தில்தான் இருந்தது. தேங்காய்க் கள்ளன் வரவில்லையாம். ஆனால் தேன்நிற அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது, உள்ளேயும் மணல். நான் குனிந்து பார்த்தேன்.

"நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும்" என்றார் மாமி. அவர் வீட்டில் நாயில்லை. மாமியின் குதிவெடிப்பு ஆறியிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அன்று நான் கிளம்பிப் படலையைத் தாண்டுவதற்குள் பஸ் வரும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறினேன். பஸ் புறப்படப் போகையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் யன்னலால் தலையை நீட்டினேன். மாமி ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் அம்மாவுக்குக் கட்டிவைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டு, மறுகையில் தூக்கிப் பிடித்த கொய்யகம், கீழே நீலச் சப்பாத்து இரண்டும் மாறி மாறி மின்னின. அவருடைய கொண்டை அவிழ்ந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவேயில்லை.

யன்னலால் கட்டைத் தந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

கொண்டக்டர் பதறிப்போய், "என்னம்மா இது, இந்த வயசில? மெள்ள வந்திருக்கலாமே, நாங்கள் நிண்டிருப்பம்" என்றான்.

"இவ்வளவு காலமும் மெள்ளத்தானே தம்பி வந்தனான்" என்றார் மாமி.